பிளஸ் டூ முடிந்த மறுநாள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

பள்ளிக்கல்வித் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆகிய மூன்றின் உயர் அலுவலர்களுக்கும் வணக்கம்.

மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. தனித்தனியாக எழுதினால் ஒவ்வொரு துறையும் “இது எங்கள் வரம்பில் வராது” என்று பக்கத்துத் துறைக்கு அனுப்பிவிடும். விதிப்படி அது சரியாகவும் இருக்கும். சிக்கலே அதுதான்.

நான் ஒரு வட்டார வள மையத்தில், அதாவது ஒன்றியத்தின் பள்ளிகளுக்கு உதவும் மையத்தில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். தொகுப்பூதியம்தான், நிரந்தர வேலை இல்லை. அடுத்தவர் வேலைவாய்ப்பைப் பற்றி நான் பேசுவது வேடிக்கையாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் பிள்ளைகள் எந்த இடத்தில் நழுவுகிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அந்தப் பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) உண்டு, எங்கள் பதிவேட்டில் பெயர் உண்டு. மருத்துவ முகாம், உதவி உபகரணம், இயன்முறைப் பயிற்சி என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பிளஸ் டூ முடிந்ததும் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது (பிரிவு 31). அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் தருகிறது (பிரிவு 34). தொழிற்பயிற்சி பற்றிப் பிரிவு 19 பேசுகிறது. ஆனால் பள்ளி வாசலிலிருந்து அந்தப் பயிற்சி வாசல் வரை பிள்ளையைக் கூட்டிப் போவது யார்? இப்போதைக்கு அம்மாதான்.

அம்மா என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். நடக்கச் சிரமப்படும் பிள்ளையையோ அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையையோ பள்ளிக்குக் கூட்டி வருபவருக்கு எஸ்கார்ட் அலவன்ஸ் தருகிறோம். நல்ல திட்டம், அது இல்லையென்றால் பலர் பள்ளிக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆறு வயதில் அம்மா கையைப் பிடித்து வந்த பிள்ளை பதினேழு வயதிலும் அப்படியே வருகிறது. டவுன் பஸ்ஸில் அதற்குக் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கும் இல்லை. அப்புறம் ஒருநாள் ஏதோ ஒரு கம்பெனி வேலை தருகிறது, காலை ஆறு மணி ஷிஃப்ட். பஸ் நம்பர் பார்த்து ஏறவும், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கவும், தவறான நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் யாரிடமாவது கேட்கவும் யாரும் அதுவரை கற்றுக்கொடுத்திருக்கவில்லை. வேலை கைவிட்டுப் போக முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பேன். வேலையில் திறமைக் குறைவு என்பது பெரும்பாலும் அப்புறம் ஒட்டப்படும் காரணம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்த எஸ்கார்ட் அலவன்ஸைத் தனியாகப் பயணம் செய்யப் பழக்குவதற்கும் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி தாருங்கள். முதலில் அம்மா பின் இருக்கையில் உட்காரட்டும். பிறகு அடுத்த பஸ்ஸில் வரட்டும்.

தேர்வுச் சலுகைகளின் கதையும் இதேதான். பார்வையற்ற மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் கிடைக்கிறார், கூடுதல் நேரம் கிடைக்கிறது. அவர் தானே தட்டச்சு செய்து ஒரு பக்கம் முடித்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. ஹைடெக் லேப் இருக்கும் பள்ளிகளில் விண்டோஸ் கணினி இருந்தால் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பான் மென்பொருளைப் போட ஒரு பைசா செலவில்லை. ஒரு ஹெட்போன் வேண்டும், லேப் சாவியை வைத்திருப்பவர் மனதும் வேண்டும்.

வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே நடத்துகிறீர்கள். “கால் லேசாகப் பாதிக்கப்பட்டவர் இருந்தால் அனுப்புங்கள்” என்று கேட்கும் நிறுவனங்களைப் பார்த்திருப்பீர்கள். காது கேளாதவருக்கு நேர்காணல் மேசையில் சைகைமொழி பெயர்ப்பாளர் இருப்பது அபூர்வம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அரசு ஒதுக்கீட்டிலேயே ஒரு சதவீதம் இவர்களும் கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களும் சேர்ந்த பிரிவுக்குத்தான். தனியார் துறைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி ஊக்கத்தொகை தரலாம் என்பதோடு பிரிவு 35 நின்றுவிடுகிறது. ஆகவே முகாமில் முதல் தடவையாக முதலாளியைச் சந்திப்பது ரொம்பத் தாமதம். பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே உள்ளூர் அச்சகம், பேக்கரி, நாற்றுப் பண்ணை, கூட்டுறவுப் பண்டகசாலை என்று ஏதாவது ஓரிடத்தில் இரண்டு வாரம் வேலை பார்க்கட்டும். முதலாளியின் பயமும் அங்கேதான் போகும். அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டப்படி மாணவருக்கு 16 வயது ஆகும்போதே, பள்ளிக்குப் பிறகு என்ன என்ற திட்டம் அவருடைய கல்வித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாமும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிறோம், ஆனால் அது பெரும்பாலும் பாடத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தாளில் இன்னொரு பக்கம் சேர்க்கக் கடினமா?

இன்னொரு விஷயம், பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாதது. பிள்ளை வேலைக்குப் போனால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம். ஆறு மாதத்தில் போய்விடக்கூடிய வேலைக்காக நிச்சயமாக வரும் பணத்தை இழக்க எந்த ஏழைக் குடும்பமும் துணியாது. வேலையில் சேர்ந்தால் தொகை என்ன ஆகும், வேலை போனால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால், நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோவோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. எமிஸ் எண், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) எண், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண் மூன்றையும் பிளஸ் டூ முடிக்கும்போதே ஒரே வரியில் சேர்த்து, ஒன்றியத்துக்கு ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்குப் பொறுப்பாக்குங்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் போன் செய்து, படிக்கிறார்களா, வேலையில் இருக்கிறார்களா, வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டு எழுதட்டும். மாவட்டவாரியாக அந்த எண்ணிக்கையை வெளியிடுங்கள். முன்னோட்டமாகச் செய்து பார்க்க ஓர் ஒன்றியம் வேண்டுமென்றால் எங்கள் ஒன்றியத்திலேயே தொடங்கலாம். கடந்த ஆண்டு முடித்தவர்களின் எமிஸ் எண்கள் எங்கள் மையத்தில் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வட்டார வள மையச் சிறப்பாசிரியர்