புருஷாமிருகத்தை ஏலம் விடாதீர்கள்

நம்மூர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாலாலயத் தேதி, கோபுர வர்ணம், மடப்பள்ளிக்குத் தளம் எல்லாம் பேசி முடித்து டீயும் வந்த பிறகு, எழுந்து போகிற அவசரத்தில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். வாகன மண்டபத்தில் கிடக்கும் பழைய யாளி வாகனத்தையும் புருஷாமிருக வாகனத்தையும் ஏலம் விடுவது, வருகிற பணத்தோடு உபயதாரர் தருவதையும் சேர்த்து வெள்ளித் தகடு போர்த்திய ரிஷபம் செய்வது. ரிஷபம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் அப்போது ஒருவர் சொன்ன வார்த்தைதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. “பாதி மனுஷன், பாதி மிருகம், பார்க்கவே விகாரமா இருக்கு. சின்னப் புள்ளைங்க பயப்படுதுங்க.”

சபையில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன், ஊரே படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

பயப்படத்தான் செய்யும். நானும் பயந்தவன்தான். சிங்க உடம்பு, அதன்மேல் சடையும் தாடியும் விபூதிப் பட்டையுமாக மனித முகம். மீசை வேறு எங்கள் கணக்கு வாத்தியார் மீசை மாதிரியே இருக்கும். ஏழு வயதில் அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா அந்த வாகனத்துக்கு வாரை, அதாவது சுமக்கும் கம்பு, தூக்கியவர். தோளில் காய்ப்பு. அன்றிரவு அதில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டே கதை சொன்னார்.

தருமர் யாகத்துக்குப் புருஷாமிருகத்தை அழைத்துவர வீமன் போகிறான். அது காற்றாய் ஓடும். எல்லை தாண்டுமுன் பிடித்துவிட்டால் வீமன் அதற்கு இரை, இதுதான் பேச்சு. வீமன் கையில் அனுமன் கொடுத்த ரோமங்கள். மிருகம் நெருங்கும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போடுவான், அது லிங்கமாகும். புருஷாமிருகம் பெரிய சிவபக்தி உள்ளது, நின்று பூசை முடிக்காமல் நகராது. (குமரிப் பக்கத்தில் ரோமத்துக்குப் பதில் ருத்ராட்சம் என்பார்கள். சிவராத்திரியன்று பன்னிரண்டு சிவாலயங்களுக்கு அவர்கள் ஓடுவதே இந்தக் கதையை ஒட்டித்தான்.) கடைசியில் ஒரு கால் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. மாட்டிக்கொண்டான். வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்று பாராமல் அவர் தீர்ப்புச் சொன்னார்: பாதி உடம்பு மிருகத்துக்கு. அந்த நியாயத்தைக் கேட்டுப் புருஷாமிருகம் மனம் குளிர்ந்து முழுசாக விட்டுவிட்டது.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் விகாரம் யாருடையது? எதிராளியின் பக்தியையே பொறியாக வைத்து ஓடியவன் முழு மனிதன். இரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பூசை முடியட்டும் என்று நின்றது பாதி மிருகம்.

இன்னொன்று. சாயரட்சையில் குருக்கள் வரிசையாகக் காட்டும் தீபங்களில் நாகதீபத்தோடு புருஷாமிருக தீபமும் உண்டு. கையகலப் பித்தளை. நீங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள். வாகனம் விகாரம் என்றால் அந்தத் தீபத்தை எந்தப் பழைய பாத்திரக் கடையில் போடப்போகிறீர்கள்?

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. ஆனால் நம் டெல்டாவைச் சுற்றி வந்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. இங்கே மிருகப் பாதி சாபமாக வந்ததில்லை, கேட்டு வாங்கியதாகவே கதை சொல்கிறார்கள். திருவாரூரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திரனிடமிருந்து அந்தக் கோயில் சாமியான தியாகராஜரைக் கொண்டுவந்த முசுகுந்தச் சக்கரவர்த்திக்குக் குரங்கு முகம். முற்பிறவியில் மரத்தில் உட்கார்ந்து வில்வ இலைகளைப் பறித்துப் போட்ட குரங்கு அவர். அடியில் இருந்த சிவன்மேல் அவை விழுந்தன, அரச பிறவி கிடைத்தது. சரி, ஆனால் முகம் மட்டும் இதுவே இருக்கட்டும், பழசு மறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். தியாகராஜர் இருக்கும் ஏழு விடங்கத் தலங்களும் அந்தக் குரங்கு முகத்தால் நமக்கு வந்தவை. வடக்கே கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில் புலிக்கால் முனிவர். வண்டு வாய்வைக்கும் முன் பூப்பறிக்க வேண்டும், இருட்டில் மரமேறினால் கால் வழுக்குகிறது. நகம் வேண்டும். புலியின் காலைக் கேட்டு வாங்கினார், வியாக்கிரபாதர் ஆனார். அந்த ஊருக்கே புலியூர் என்று பெயர். பக்கத்தில் பதஞ்சலி, இடுப்புக்குக் கீழே பாம்பு. தில்லைக் கூத்தைப் பார்க்க வாய்த்த இரண்டு பேருமே முழு மனித வடிவம் இல்லாதவர்கள். தேவாரம் ஓதும்போது இதை நினைத்து எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

யாளிக்கு வருகிறேன். ஒரு தம்பி போனில் வீடியோ காட்டினான், யாளி டைனோசர் காலத்து நிஜ மிருகமாம். இருந்ததோ இல்லையோ, ஆளி என்ற பெயரில் அது சங்கப் பாட்டில் இருக்கிறது, அதுவும் நம் பக்கத்துச் சண்டையில். பால்குடி மறவாத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தியது போல என்று கரிகாலனைப் பொருநராற்றுப்படை பாடுகிறது. இளவயதில் அவன் சேரனையும் பாண்டியனையும் வென்ற வெண்ணி, நீடாமங்கலம் போகிற வழியில் பஸ் நிற்கிற கோயில்வெண்ணிதான். யானையை அடிக்கும் மிருகம் என்று பேரெடுத்தது பிறகு சிங்க முகத்தில் யானையின் துதிக்கையையே மாட்டிக்கொண்டது. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ராஜராஜன் யாளி வரிசையைச் சுற்றி ஓடவிட்டான், 1010 முதல் அது நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. யானைக்கு மதம் என்றால் நமக்குத் தெரியும். உள்ளே நுழைகிறவனுக்கு மதம் ஏறியிருந்தால் அதைக் கவ்வ வாசலில் ஒருவன் வேண்டும் என்பது என் கணக்கு. கொன்றுவிடாமல் தன் முகத்திலேயே சுமந்துகொண்டு நிற்கிறது என்பது இன்னும் பெரிய கணக்கு.

ஒருநாள் பிள்ளைகளைத் தாராசுரத்துக்குக் கூட்டிப்போங்கள், வேன் வாடகை என்னுடையது. அங்கிருக்கும் சிவன் கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிற்பம். இரண்டு உடம்புக்கு ஒரே தலை. இந்தப் பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை. கையை எடுத்தால் இரண்டும். சிற்பி எந்த மிருகத்தையும் வெட்டி ஒட்டவில்லை, நம் கண்ணைத்தான் அங்கேயும் இங்கேயும் இழுக்கிறான். பயந்து அழுத பிள்ளை அங்கே அரை மணி நேரம் நகராது, பந்தயம். அப்படியே திருபுவனம் போனால் சரபேஸ்வரர். சிங்கம், பறவை, மனிதன் மூன்றும் ஒன்றில். அதைப்பற்றிச் சைவ வைணவச் சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

தூக்க ஆளில்லை என்பீர்கள். உண்மை. பையன்கள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். சகடையில் வைத்து இழுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பழசாகிவிட்டது என்பீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது மண்டபத்து ஓடு பறந்தது. யானையின் பெயர் வைத்த புயல், யாளியைப் பழிதீர்த்துவிட்டது என்று அன்று நாமே சிரித்தோம். ஓட்டை மாற்ற வேண்டும் என்று அதற்குப் பிறகு எத்தனை கூட்டத்தில் பேசினோம்? மழை இறங்குகிற இடத்தில் ஏழு வருஷம் போட்டுவிட்டுப் பழசு என்கிறோம். போன வாரம் ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். உடம்பு இரண்டும் உளுக்கவில்லை, பீடம் மட்டும் மாற்ற வேண்டும் என்றார். ஏலம் போனால் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். பழைய வீட்டுத் தூண்கள் போன வழியில், ஏதாவது ரிசார்ட் வரவேற்பறையில் செருப்புக் கழற்றும் இடத்தில் நிற்கும்.

தீர்மானத்தில் “புருஷாமிருக வாகனம், முன்னங்கால்கள் இல்லாதது” என்று எழுதியிருக்கிறீர்கள். கால்கள் இல்லாமல் போகவில்லை. கஜாவுக்கு மறுநாள் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, துணி சுற்றி என் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்புங்கள். ஏலம் கேட்க வருகிறவரை அனுப்ப வேண்டாம், ஆசாரியோடு வாருங்கள், தருகிறேன்.

இப்படிக்கு,
வாரை தூக்கியவரின் மகன்