டிஸ்சார்ஜுக்கு முன் அரை மணி நேரம்

சியாட்டில்

அன்புள்ள பாக்கியம்,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நடையை மட்டும் விடாமல் பார்த்துக்கொள். இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டி ஓயாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். கயலும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பி, பேரனையும் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால், வீடு எனக்குத்தான். நிறையப் படிக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு இடத்தை மறக்க முடியவில்லை. "காலை ஒட்டவைத்து அனுப்புகிறோம், ஆறு மாதத்தில் அதே ஆள் தலையை உடைத்துக்கொண்டு வருகிறான், அதே குடி வாடையோடு" என்று எழுதியிருந்தாய். நாம் ஒன்றாக நைட் டியூட்டி பார்த்த காலத்திலும் இதைத்தானே புலம்புவோம்? இதே கேள்வியை வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒரு பல்கலைக்கழக மையம் இந்த ஊரில் இருக்கிறது. கயல் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையில் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறேன். அதில் உனக்கு உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே இந்த நீளமான கடிதம்.

ஹார்பர்வியூ காயத் தடுப்பு ஆய்வு மையம் என்று பெயர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, 1985-இல் தொடங்கினார்கள். ஹார்பர்வியூ இந்த மாவட்டத்தின் பொது மருத்துவமனை. பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது. இந்த மாநிலத்தில் மட்டுமல்ல, அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோவில் மோசமாக அடிபட்டவர்களையும் இங்கேதான் கொண்டுவருகிறார்கள். மையத்தைத் தொடங்கி நடத்தியவர் பிரெடெரிக் ரிவாரா என்ற குழந்தை மருத்துவர். வந்தவரைப் பிழைக்கவைக்கும் வேலை மருத்துவமனைக்கு. இவர் ஏன் அடிபட்டார், இதே மாதிரி இன்னும் எத்தனை பேர், எதை மாற்றினால் அடுத்தவர் வராமல் இருப்பார் என்று பார்க்கும் வேலை மையத்துக்கு. சாலை விபத்து, தீக்காயம், வீட்டுக்குள் அடி உதை, துப்பாக்கிச் சூடு, தற்கொலை எல்லாமே அவர்களுக்கு ஒரே துறை.

இனி உன் வார்டுக்கு வருகிறேன். லாரி ஜென்டிலெல்லோ என்ற அறுவை மருத்துவரும் ரிவாராவும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அடிபட்டு வந்த 2,524 பேருக்கு ரத்தப் பரிசோதனையும் சில கேள்விகளும் வைத்துப் பார்த்ததில் 46 சதவீதம் பேருக்குக் குடியால் சிக்கல் இருந்தது. அவர்களில் ஆய்வில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேரிடம் வீட்டுக்குப் போவதற்குள் ஒரு மனநல நிபுணர் கட்டிலருகே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். ஒரே ஒரு முறை. கண்டிப்பு இல்லை, "குடித்தால் செத்துப்போவாய்" என்ற மிரட்டலும் இல்லை. உங்கள் குடி இவ்வளவு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறீர்கள், இந்தக் காயத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று நீங்கள் நினைக்கிறீர்களா, குறைக்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்குவீர்கள் என்று அவர்களையே பேச வைப்பது. ஒரு மாதம் கழித்து, பேசியதைச் சுருக்கி ஒரு கடிதம். அவ்வளவுதான்.

ஓராண்டு கழித்துப் பார்த்தால், அந்த அரை மணிப் பேச்சில் இருந்தவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 22 டிரிங்க் குறைத்திருந்தார்கள், மற்றவர்கள் 7 மட்டுமே. ஒரு டிரிங்க் என்றால் சுமார் ஒரு சின்ன பீர் டின் என்று வைத்துக்கொள். மூன்று வருடம் வரை பின்தொடர்ந்ததில், மறுபடி காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்வது அந்தக் குழுவில் கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தது. ஆனால் ஓராண்டில் திரும்பப் பார்க்க முடிந்தது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களைத்தான். பலனும் நடுத்தரமாகக் குடிப்பவர்களிடமே அதிகம். முற்றிய அடிமைகளை அரை மணிப் பேச்சு மாற்றிவிடாது. பிறகு மற்ற ஊர்களில் செய்த ஆய்வுகளிலும் பலன் ஏறி இறங்கித்தான் இருக்கிறது. அதனால் என்ன? அந்த நடுத்தரக் கூட்டம்தானே நம் வார்டுகளை நிரப்புகிறது! சில ஆண்டுகளில் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம், முதல்நிலை விபத்து சிகிச்சை மையங்கள் எல்லாவற்றிலும் இந்தப் பரிசோதனையும் பேச்சும் இருந்தே ஆகவேண்டும் என்று விதி போட்டுவிட்டது.

கட்டிலில் படுத்திருக்கும்போது மனிதனுக்குக் காது கொஞ்சம் திறந்திருக்கும், இதை நீயும் பார்த்திருப்பாய். மனைவி அழுதுகொண்டு நிற்பாள், வேலை போயிருக்கும், வலி இருக்கும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? டிரெஸ்ஸிங் மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம்.

ஜென்டிலெல்லோ இன்னொரு முட்டுக்கட்டையையும் கண்டுபிடித்தார். 1947-இல் வந்த ஒரு மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றிப் பல மாநிலங்களில், குடிபோதையில் அடிபட்டவரின் மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம் என்று இருந்தது. அதனால் மருத்துவர்கள் பரிசோதிக்கவே தயங்கினார்கள். எழுதினால் நோயாளிக்குப் பணம் வராது, எழுதாவிட்டால் குடிப்பதே யாருக்கும் தெரியாது. ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டை எழுதும்போது நம் மருத்துவர்கள் பேனாவை நிறுத்திக்கொண்டு யோசிப்பது உனக்கு ஞாபகம் வரும். வாஷிங்டன் மாநிலம் அந்தச் சட்டப்பிரிவை 2004-இல் நீக்கிவிட்டது. சிகிச்சைக்காகக் கேட்கும் கேள்வி தனியாகவும், சட்டத்துக்காக எழுதும் குறிப்பு தனியாகவும் இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் முதலில் பேர் வாங்கியது சைக்கிள் ஹெல்மெட்டில். 1987-இல் இங்கே குழந்தைகளில் 5.5 சதவீதம்தான் போட்டார்களாம். ஊரெல்லாம் பிரசாரம் செய்தார்கள், விலையைக் குறைக்கத் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். 1992-இல் அது 40 சதவீதம் ஆனது, தலைக்காயமும் குறைந்தது. ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்று 1989-இல் இவர்கள் வெளியிட்ட எண் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த எண் இறங்கினாலும் பயன் பெரிதுதான். ஆனால் ஹெல்மெட் கட்டாயச் சட்டத்தை இதே மாவட்டம் 2022-இல் நீக்கிவிட்டது. வீடற்றவர்களுக்கும் கறுப்பினத்தவருக்குமே அதிகமாக அபராதம் விழுந்ததுதான் காரணம். விலையைக் குறைத்துப் பழக்கப்படுத்தியதில் யாருக்கும் காயமில்லை. போலீஸ் கையில் கொடுத்தபோது வேறொரு காயம் வந்துவிட்டது. இதைக் கயலிடம் சொன்னேன், அவளுக்கும் அதே எண்ணம்.

துப்பாக்கி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு என்று 1993-இல் ஆர்தர் கெல்லர்மன், ரிவாரா முதலானோர் எழுதினார்கள். கொன்றவர்கள் பெரும்பாலும் உறவினரோ தெரிந்தவரோதான். துப்பாக்கி வைத்திருப்பவர்களின் தேசியச் சங்கம் கொதித்தது. 1996-இல் ஜே டிக்கி என்ற காங்கிரஸ் உறுப்பினர் பெயரால், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று பட்ஜெட் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. இந்த ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்த மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையத்தின் (சி.டி.சி.) பட்ஜெட்டிலிருந்து 26 லட்சம் டாலரை எடுத்துவிட்டார்கள். முந்தைய வருடம் துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவான அதே தொகை! அதற்கு மேல் இருபது ஆண்டுகளுக்கும் அதிகமாக மத்திய அரசுப் பணம் அநேகமாக நின்றுபோனது. நடுவில் 2013-இல் சியாட்டில் நகர மன்றமே இந்த மையத்துக்குப் பணம் கொடுத்தது. 2019 கடைசியில்தான் காங்கிரஸ் 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. டிக்கியே பின்னாளில் வருந்தி, தான் எதிர்த்த நோய்த் தடுப்பு மைய அதிகாரியான மார்க் ரோசன்பெர்க்கோடு சேர்ந்து ஆய்வு வேண்டும் என்று 2012-இல் எழுதினார். அது பெருந்தன்மைதான். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. எண்ணாமல் விட்ட அத்தனை வருடமும் பிள்ளைகள் செத்துக்கொண்டேதானே இருந்தார்கள்?

சரி, உன்னிடம் கேட்க நினைத்தது இதுதான். நம் ஊரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்த பிறகு, சாலை விபத்தில் அடிபட்டவர்கள் யாரும் முதல் 48 மணி நேரச் செலவுக்காக தவிக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் ஆள் உங்கள் வார்டில்தான் இருக்கிறான். முதலில் உன் ஸ்டாஃப் நர்ஸ்களில் பொறுமையான இரண்டு பேரை மட்டும் பழக்கினால் போதாதா? ஏ.ஆரோடு சேராத ஒரு தனி நோட்டு, அதில் நாலு கேள்வி, அப்புறம் கட்டிலருகே அரை மணி நேரம். மனநலப் பிரிவு மருத்துவர் ஒருவர் முதலில் சொல்லிக்கொடுத்தால் நல்லது. கேள்விகளைத் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். வார்டு பேச்சுக்கு ஒத்து வராத இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பு.

உங்கள் டீன் இதற்குச் சம்மதிப்பாரா, யாரிடம் முதலில் பேசவேண்டும் என்று எழுது. அத்தானுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு வரன் பார்ப்பது எந்த அளவில் இருக்கிறது?

அன்புடன்,
மல்லிகா