வேலிக் கொவ்வையும் உன் ஐவியும்

கொக்குவில்

அன்பின் வதனி,

உன் கடிதம் நல்லூர்த் தேருக்கு மறுநாள் கிடைத்தது. சுவரில் படரும் அந்த ஐவிக் கொடியின் டி.என்.ஏ அளவை அளக்கப் பழகுகிறாய் என்று வாசித்ததும், ஏ.எல். படிக்கையில் வெங்காய வேரை நசுக்கி, நுணுக்குக்காட்டியில் நாங்கள் நிறமூர்த்தம் (டி.என்.ஏயைத் தாங்கும் இழை, குரோமோசோம்) தேடிய நாட்கள் நினைவுக்கு வந்தன.

ஐவி இலையோடு பட்டாணி இலையையும் சேர்த்து பிளேட்டால் அரிவதாக எழுதியிருந்தாய். பட்டாணிதான் படிக்கல். அதன் அளவு தெரியும். இலைக் கலங்களின் கருக்களுக்குச் சாயம் ஏற்றி, கருவியில் அவற்றின் ஒளிர்வை ஒப்பிட்டால் ஐவியின் அளவு வந்துவிடும். சாதாரண ஐவிக்கு 48 நிறமூர்த்தம், அயர்லாந்து ஐவிக்கு 96. இலையைப் பார்த்து எது எந்த ஐவி என்று குழம்புகிறவர்களுக்கு இது எவ்வளவு உதவி! ஆனால் ஒன்று. ஐவியின் இளங்கொடிக்கும் பூக்கும் கிளைக்கும் டி.என்.ஏ அளவு வேறு என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். கவனமாகத் திரும்ப அளந்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. இலையில் உள்ள பீனோல்கள் என்ற இரசாயனங்கள் சாயம் ஏறுவதைக் குழப்பும். அதனால் வேறு வேறு நாட்களில் திரும்பத் திரும்ப அளந்து பார், அலுக்காதே.

எங்கள் வடக்கு வேலிக் கொவ்வை ஞாபகமா? வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், ஒரு காயும் இராது. "பூக்கிது, காய்க்கேல்லை, புடுங்கி எறி" என்பா அம்மா. அது மலடில்லை வதனி, ஆண்கொடி! ஆங்கிலத்தில் கொவ்வையின் பெயரிலும் ஐவி ஒட்டியிருக்கிறது, 'ஐவி கோர்ட்' என்று. உறவு எதுவும் இல்லை, இது பாகல் குடும்பம். மனிதரைப் போலவே இதற்கும் எக்ஸ், வை நிறமூர்த்தங்கள் உண்டு. எங்கள் வை சின்னது. கொவ்வையின் வை அதன் மற்ற எல்லா நிறமூர்த்தங்களையும்விடப் பெரியது. பெண்கொடியின் ஒரு கருவில் ஏறக்குறைய 0.85 பிக்கோகிராம் (ஒரு பிக்கோகிராம் என்பது கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) டி.என்.ஏ, ஆண்கொடியில் 0.94. பூக்கும்வரை காத்திராமல், உன் கருவியில் இலையை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். இதை அறிந்த அன்று எனக்கு நித்திரையே வரவில்லை.

போன மாதம் வேலியை வெட்டி மதில் கட்டினோம். ஆண், பெண் இரண்டு கொடியையும் கிணற்றடிக்கு மாற்றி நட்டேன். பெண்கொடி துளிர்த்துவிட்டது. ஆண்கொடி இன்னும் வாடித்தான் நிற்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் வார்க்கிறேன். தைப்பொங்கலுக்கு நீ வருவதற்குள் அது பூக்க வேண்டும்.

அன்புடன்,
மாலா