பெயர் தெரியாத அந்த மூத்த செவிலியருக்கு நன்றி

வெளிநாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பணியேற்ற முதல் இரவில், வேறொரு பிரிவிலிருந்து உதவிக்கு வந்திருந்த மூத்த செவிலியர் ஒருவருக்கு இந்த நன்றி உரியது. நான் பயின்ற இடத்தில் இரத்தச் சர்க்கரையை மில்லிகிராமில் எழுதுவோம். அந்த வெளிநாட்டு மருத்துவமனையிலோ மில்லிமோல் என்ற வேறு அலகில் எழுதுகிறார்கள். 180 என்பது அங்கே 10 ஆகும் என்று, 18ஆல் வகுக்கும் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய அவர், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோராட்ரினலின் மருந்துள்ள சிரிஞ்சு தீருமுன், மருந்தைச் செலுத்தும் இரண்டாவது பம்ப்பைத் தயாராக ஓடவிட்டு, நோயாளியின் இரத்த அழுத்தம் சரிந்துவிடாதபடி, மானிட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் மாற்றும் அங்குள்ள முறையையும் என் அருகிலேயே நின்று பொறுமையாக விளக்கினார். அனுபவம் உள்ளவர்களுக்கும் புதிய இடத்தில் கை தயங்கும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். எனக்கு அதுவே பெரிது. விடியற்காலையில் பொறுப்பை ஒப்படைக்கும் பரபரப்பில் அவருடைய பெயரைக் கேட்க இயலவில்லை. இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், அம்மா, என் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.