ஐந்து நாற்காலிகளைத் தூக்கி வந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

எங்கள் அரசியல் அறிவியல் துறை பொதுமக்களுக்காக நடத்திய மாலைக் கூட்டங்கள் போன வாரத்தோடு முடிந்தன. மொத்தம் 9 கூட்டங்கள். மேடையில் பேசிய பேராசிரியர்களின் பெயர்கள் அழைப்பிதழிலேயே இருந்தன. அதில் இடம்பெறாதவர்களுக்காக, ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் நான் பட்ட கடன். இரண்டாவது கூட்டத்தில் தேர்தல் கருத்துக்கணிப்புகளைப் பற்றிப் பேசினேன். ஆயிரம் பேரைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால், பிழை வரம்பு, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூடவோ குறையவோ சுமார் 3 சதவீதப் புள்ளி இருக்கும் என்றேன். அது சரி. அப்புறம், ஒரு கட்சிக்கு 46 சதவீதம், இன்னொன்றுக்கு 42 சதவீதம் என்று வந்தால் இடைவெளி 4, அது 3ஐவிட அதிகம், ஆகவே முன்னிலை உறுதி என்றும் சொல்லிவிட்டேன். அது தவறு. சில நாள் கழித்துத் துறைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர். அந்த 3 என்பது ஒவ்வொரு கட்சியின் எண்ணுக்கும் தனித்தனியே உள்ள வரம்பு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். என் உதாரணத்தில் 6ஐ நெருங்கும். இதை ஒரே பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். குத்தலாக ஒரு சொல் கூட இல்லை. அடுத்த கூட்டத்தை அந்தக் கணக்கைப் பலகையில் எழுதித்தான் தொடங்கினேன். மேடைக்கு வரும்படி அழைத்தேன், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையசைத்து மறுத்துவிட்டார். ஐயா, இதை எத்தனை ஆண்டு மாணவர்களுக்கு நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேனோ, தெரியவில்லை. இனி அது நடக்காது. அதற்கு நீங்கள்தான் காரணம்.

அடுத்து எங்கள் ஆய்வு மாணவர்கள். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம், அதாவது கட்சிகளுக்கு அவை பெற்ற வாக்குகளின் அளவுக்கு ஏற்ப இடங்களைப் பிரித்துக் கொடுப்பது, பற்றிய கூட்டத்துக்கு நான் 40 ஸ்லைடு தயாரித்து வைத்திருந்தேன். அவற்றை ஒதுக்கிவிட்டு, கருத்தரங்க அறையிலிருந்து 5 நாற்காலிகளைத் தூக்கி வந்து மேடையில் வரிசையாகப் போட்டார்கள். மூன்று கட்சிகள், 100 வாக்குகள்: 58, 28, 14. இடங்கள் 5. பெல்ஜியத்தைச் சேர்ந்த விக்டர் டோண்ட் 1878இல் விளக்கிய முறைப்படி வாக்குகளை 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போய், பெரிய எண்களுக்கு நாற்காலி கொடுத்தார்கள். முதல் கட்சிக்கு 4, இரண்டாவதற்கு 1. மூன்றாவது கட்சியாக நடித்த மாணவி நின்றுகொண்டே இருந்தார். பிறகு பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆந்த்ரே சான்ட்-லாகு 1910இல் முன்வைத்த முறை. வாக்குகள் அதே வாக்குகள்தான். வகுப்பது மட்டும் 1, 3, 5 என்று. இப்போது 3, 1, 1. முதல் கட்சிக்காரர் ஒருவர் எழுந்துகொள்ள, அந்த மாணவி போய் உட்கார்ந்தார். ஒரு வாக்கு கூட மாறவில்லை, சட்டசபை மாறிவிட்டது. அரங்கில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பள்ளி மாணவி, "எது நியாயம்?" என்று கேட்டாள். பெரிய கட்சியின் நிலையான ஆட்சி முக்கியமா, சிறிய கட்சியின் குரல் முக்கியமா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று சொல்லி, எங்கள் மாணவர்கள் முடிவை அவளிடமே விட்டார்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்த நிலையில் இதற்காக நேரம் ஒதுக்கியவர்கள் இவர்கள். பதவி உயர்வுக் கணக்கில் ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கும் மதிப்பு இந்த மாதிரி வேலைக்கு இல்லை. அது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதிர் அறையில் இருக்கும் அரசியல் கோட்பாட்டு ஆசிரியருக்கும் நன்றி. பேராசிரியர்கள் பொதுமேடையில் தங்கள் கட்சி விருப்பத்தைச் சொல்லலாமா என்று தொடக்கத்தில் துறைக்குள்ளேயே சச்சரவு. 1917இல் ம்யூனிக் மாணவர்களிடம் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பேசியதை அவர்தான் நினைவுபடுத்தினார். வகுப்பறையில் மாணவன் எதிர்த்துப் பேச முடியாது, அதனால் அங்கே ஆசிரியர் தன் அரசியலைப் புகுத்தக் கூடாது என்பது வெபரின் வாதம். "பொதுக்கூட்டத்தில் எதிர்த்துப் பேசலாமே, அப்படியானால் பேச நேரம் கொடுங்கள்" என்றார் இவர். அதன்படி ஒவ்வொரு கூட்டத்திலும் பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்கினோம். இந்தத் தொடரில் நாங்கள் செய்த நல்ல காரியங்களில் இதுவே முதலாவது என்பேன்.

அந்தப் பாதி நேரத்தில்தான் பொதுவளங்கள் பற்றிய கூட்டம் உயிர்பெற்றது. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் ஓர் அரசியல் அறிவியலாளர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. பாசன நீரையும் மீன்வளத்தையும் பயன்படுத்துபவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று அவர் காட்டியதைச் சக ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். பாசன சங்கம் ஒன்றில் பல வருடம் இருந்த ஒருவர் எழுந்து, விதியை மீறுபவரை முதல் தடவை எப்படிக் கண்டிப்பார்கள், மூன்றாம் தடவை என்ன செய்வார்கள் என்று படிப்படியாகச் சொன்னார். ஆஸ்ட்ரம் பட்டியலிட்ட கோட்பாடுகளில் ஒன்று, படிப்படியாகக் கடுமையாகும் தண்டனை. அந்தப் பாசன சங்கக்காரர் அதைப் படித்ததில்லை, வாழ்ந்திருக்கிறார். பேச்சாளர் உடனே மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

துறைத் தலைவருக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைப் பற்றி அவரே எங்களிடம் சொல்லவில்லை, பின்னால்தான் தெரிந்தது. ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் புகார் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தானே கேட்டு, பேசிய இளம் ஆசிரியரிடம் ஒரு சொல்லும் போகாமல் பார்த்துக்கொண்டார். ஒப்பந்தப் பணியில் இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது துறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

துறை அலுவலகத்தில் அரங்க முன்பதிவு, அனுமதிக் கடிதம், ப்ரொஜெக்டர் சாவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட எழுத்தர் அம்மாவுக்கும், கேள்விகள் நீண்ட இரவுகளில் நாங்கள் கிளம்பும்வரை காத்திருந்து அரங்கைப் பெருக்கிய இரண்டு பேருக்கும் என் வணக்கம். விடைத்தாள் திருத்தும் வாரத்தில் என் பங்குக் கட்டையும் சேர்த்துத் திருத்திய சக ஆசிரியருக்கு, அடுத்த பருவத்தில் அவருடைய கட்டு என்னுடையது.

திருத்திய கணக்கைக் கருத்துக்கணிப்புப் பேச்சின் ஒலிப்பதிவோடு சேர்த்துத் துறை நூலகத்தில் வைத்திருக்கிறோம். 5 நாற்காலிகளும் கருத்தரங்க அறைக்குத் திரும்பிவிட்டன.

மிகுந்த நன்றியுடன்,
மாலைக் கூட்டங்களின் ஒருங்கிணைப்பாளர்
அரசியல் அறிவியல் துறை