பெயர் தெரியாமல் போகும் கப்பல்கள்

அன்பு கிளீட்டஸ்,

நலம். மைனிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். உன் வாட்ஸ்அப் குரல்பதிவுகளுக்கு நான் பதில் போடுவதே இல்லை என்று சகாயத்திடம் புலம்பினாயாமே. ஏழு நிமிடம் பேசி அதில் ஐந்து நிமிடம் மஸ்கட் வெயிலைப் பற்றியே சொன்னால் யார் மக்கா கேட்பது? கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாது. அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். ததேயுவின் வலை போய்விட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. இராத்திரி வலையை விட்டுவிட்டு வள்ளத்தில் மூன்று பேரும் காத்திருந்திருக்கிறார்கள். ஒரு பெரிய கப்பல் நேராக வலை மேலே ஏறிப் போயிருக்கிறது. டார்ச்சை அடித்தார்கள், கத்தினார்கள். அவ்வளவு உயரத்தில் இருப்பவனுக்கு என்ன கேட்கும்? கப்பல் தள்ளிவிட்ட அலையில் வள்ளம் பாதி நிரம்பி, விடியும்வரை தண்ணீரைக் கோரிக் கோரி வெளியே ஊற்றியிருக்கிறார்கள். கரைக்கு வந்து புகார் எழுதப் போனால் முதல் கேள்வியே “கப்பல் பேரு என்ன?” இவன் “வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது” என்றான். “அடையாளம் தெரியாத கப்பல்” என்று எழுதிக்கொண்டார்கள். கதை அங்கேயே முடிந்தது. அவன் வீட்டில் அக்காள் இன்னும் அழுகிறாள். வலைக்கு வாங்கிய கடன் அவள் பெயரில்.

விழிஞ்ஞம் துறைமுகம் வந்த பிறகு இந்தப் பக்கம் கப்பல் போக்குவரத்து எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியாது. நம் தேங்காப்பட்டணத்திலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் 25 கிலோமீட்டர்தான். துறைமுகத்திலிருந்து சர்வதேசக் கப்பல்பாதை 10 கடல்மைல் தூரம் என்பதைத்தான் அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். 2025 ஜூனில் எம்எஸ்சி ஐரினா வந்தது. 400 மீட்டர் நீளம், 24,000-க்கும் மேல் கன்டெய்னர் ஏற்றலாம். ததேயுவின் வள்ளத்தை அதன் பக்கத்தில் நினைத்துப் பார்.

சரி, கப்பலின் பெயர்தானே வேண்டும்? அது காற்றில் இலவசமாக வந்துகொண்டிருக்கிறது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாவற்றிலும் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி இருந்தாக வேண்டும் என்பது 2004 முடிவிலிருந்தே சட்டம். பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் அது விஎச்எஃப் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பதற்குத்தான் இந்தக் கரையில் ஆள் இல்லை. நான் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

சாமான்கள் அதிகமில்லை. ராஸ்பெரி பை 3 என்ற பழைய குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, சகாயத்தின் மகன் காலேஜ் ப்ராஜெக்டுக்கு வாங்கித் தூக்கிப் போட்டது. ஒரு யுஎஸ்பி டாங்கிள், ஆர்டிஎல்2832யு சிப் உள்ளது. டிவி பார்க்கச் செய்த சாதனம். அதற்குள் ஒரு முழு ரேடியோ ரிசீவர் ஒளிந்திருப்பதை 2012-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பிக்கு நம் கேபிள் டிவி காலத்து ஆர்ஜி-6 சுருள். ஆமாம், அதேதான், உன் மாமனார் கொடி கட்டக் கேட்ட சுருள். 50 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 75 ஓம் போடுகிறாயே என்று நீ குதிப்பாய். வெறுமனே கேட்பதற்கு அது பெரிய நஷ்டமே இல்லை. 15 மீட்டருக்கு ஒன்றரை டெசிபெல்கூடப் போகாது. நான் அனுப்பவில்லை அப்பா, கேட்கிறேன்.

ஆன்டெனா அலுமினியக் குழாயில் செய்த டைபோல், இரண்டு கை உள்ளது. ஏஐஎஸ் பேசுவது 162 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். 300-ஐ 162-ஆல் வகுத்தால் அலைநீளம் 1.85 மீட்டர், அதில் கால்பங்கு 46 சென்டிமீட்டர், கொஞ்சம் கழித்து ஒவ்வொரு கையும் 44. தூர்தர்ஷன் யாகி ஆன்டெனாவைப் படுக்கவைத்தே பழகிய கை, நட்டுக்குத்தலாக நிறுத்தும்போது கூசியது. கப்பலின் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கிறது, நாமும் நிமிர்ந்துதான் கேட்க வேண்டும்.

மென்பொருள் பக்கம் உனக்கு அலர்ஜி, சுருக்கமாகச் சொல்கிறேன். டாங்கிளைச் செருகியவுடன் லினக்ஸ் அதை டிவி என்றே நம்பி டிவிபி டிரைவரைப் போட்டுவிடும். அந்த டிரைவரை பிளாக்லிஸ்டில் சேர்த்து ரீபூட் செய்தால்தான் நம் கைக்கு வரும். அப்புறம் ஏஐஎஸ்-கேட்சர் என்று இலவச மென்பொருள். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டு சேனலையும் சேர்த்தே கேட்டுப் பிரித்து, பிரவுசரில் வரைபடமாகக் காட்டிவிடும். டாங்கிள் மட்டும் மலிவானதாக வாங்காதே என்று யாரிடமும் சொல். மலிவானதில் கிரிஸ்டல் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, பிசகினால், 162-ல் அது 8 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகிறது. சேனலின் அகலமே 25. சூட்டுக்குப் பிசகாத டிசிஎக்ஸ்ஓ கிரிஸ்டல் வைத்தது சில நூறு ரூபாய் கூடுதல், அந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று, போன் சார்ஜரில் ராஸ்பெரி பையை ஓட்டாதே. 5 வோல்ட், 2.5 ஆம்பியர் சரியாகத் தரும் அடாப்டர் இல்லையென்றால் திரையில் மின்னல் குறி வரும், இராத்திரியில் அதுவாகவே செத்துப்போகும்.

முதல் கப்பல் வந்தபோது மேரி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். நான் போட்ட கூச்சலில் யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டதாக நினைத்தாளாம். இப்போது அவளே எண்ணைப் பார்த்து நாட்டைச் சொல்கிறாள். எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்கக் கப்பல் அடையாள எண்ணில் முதல் மூன்று நாட்டைக் காட்டும்: 419 நம்முடையது, 417 இலங்கை, 538 மார்ஷல் தீவு, 636 லைபீரியா. “இந்த லைபீரியாக்காரனுக்கு இத்தனை கப்பலா?” என்று கேட்டாள். வரி, வாடகைக்கொடி என்று நான் ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இத்தனை கப்பலும் ஒரே அலைவரிசையில் மோதாமல் பேசுவதுதான். ஒரு சேனலில் ஒரு நிமிடத்தை 2,250 துண்டாக வெட்டி, ஒவ்வொரு கப்பலும் அடுத்த முறைக்குத் தன் இடத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. நம் தெருக்குழாயில் குடம் வைத்து இடம் பிடிப்பதேதான், சண்டை மட்டும் இல்லை. ஓடும் கப்பல் வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை இடத்தைச் சொல்லும். நங்கூரம் போட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. பெயரும் போகும் ஊரும் 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான், அதனால் புதுக் கப்பல் கொஞ்ச நேரம் வெறும் எண்ணாகவே ஓடும்.

தூரம் எவ்வளவு என்று கேட்பாய். மொட்டைமாடிக் கம்பி கடல்மட்டத்திலிருந்து 20 மீட்டர், கப்பலின் ஆன்டெனா 40 மீட்டர் என்று வை. இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கு: 44 கிலோமீட்டர். கோவில் மணிக்கூண்டில், இன்னொரு 20 மீட்டர் உயரத்தில் வைத்தாலும் 52 தான். வர்க்கமூலம் கஞ்சன். ஆனாலும் தென்னை எல்லாம் கீழே போய்விடும், அதற்காகவே ஃபாதரிடம் கேட்டேன். “இடி விழுந்தால் யார் பொறுப்பு செல்வின்?” என்றார். நியாயமான கேள்வி. கூண்டின் இடிதாங்கி உச்சிக்குக் கீழேயே, எர்த் சரியாகப் போட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பங்குப் பேரவையில் வைத்துச் சொல்கிறேன் என்றார். பேரவை என்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், மைக்செட் வாங்கிய கதை.

மழைக்காலத்துக்கு முன்னால், காற்றே இல்லாத புழுக்கமான மாலைகளில் கணக்கெல்லாம் பொய்யாகிவிடுகிறது. கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை வளைந்து வளைந்து வருகிறது. கொழும்புப் பக்கத்துக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ரூபவாஹினி பார்க்க உங்கள் வீட்டுக் கூரையில் ஏறி நீ ஆன்டெனாவைத் திருப்ப, உன் அப்பா கீழே நின்று திட்டியது நினைவிருக்கிறதா? அதே காற்றுதான்.

இனி உன்னிடம் பேச நினைத்ததைச் சொல்கிறேன்.

போகும் ஊர் என்ற கட்டத்தில் மாலுமி கையால் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு நாள் ஒரு டேங்கர் அதில் ஊருக்குப் பதிலாக, ஆயுதம் தாங்கிய காவலர்கள் கப்பலில் இருக்கிறார்கள் என்று போட்டுக்கொண்டு போனது. கடற்கொள்ளையரைப் பயமுறுத்த இந்தப் பெருங்கடலில் பலரும் எழுதுவதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2012 பிப்ரவரியில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்ட இரண்டு பேரில் ஒருவன் நம் இரவிபுத்தன்துறைப் பையன். கொள்ளையர் என்று நினைத்தார்களாம். அந்தக் கப்பலுக்காவது பெயர் கிடைத்தது, வழக்கு நடந்தது, 2021-ல் 10 கோடி இழப்பீடும் வந்தது. 2018 ஆகஸ்டில் கேரளத்து முனம்பத்துக்கு வெளியே நம் இராமன்துறைக்காரர்கள் போன படகில் மோதிய கப்பல் நிற்கவே இல்லை; எந்தக் கப்பல் என்று பிறகு தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பெயர் தெரியாதவரைக்கும் கடலில் நடந்தது எதுவும் நடக்காததுதான்.

நம் ஊரில் ஒருவர், யார் என்று நீயே ஊகித்துக்கொள், “அரசாங்கமே 74 கலங்கரை விளக்கத்தில் ஏஐஎஸ் வைத்துப் பதிவு செய்கிறதே, நீ எதற்கு?” என்று கேட்டார். வைத்திருக்கிறது, உண்மைதான். ததேயு ஈரத் துணியோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது அந்தப் பதிவை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அதற்குள் கப்பல் ஏடன் போய்விடும். மணியையும் இடத்தையும் சொன்னால், அந்த நேரத்தில் அங்கே இருந்த கப்பல்களின் பெயரை ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுக்க வேண்டும், அன்றைக்கே. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. கப்பல் அனுப்பும் இடச் செய்தியில் மணி இல்லை, நிமிடம் இல்லை, எத்தனையாவது நொடி என்பது மட்டும்தான். தேதியும் மணியும் நம் கருவி போடுவது. பை 3-க்கோ சொந்தக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து, இன்டர்நெட்டும் இல்லையென்றால் பழைய நேரத்திலேயே ஓடும். நம் ஊர் கரண்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? எந்த வக்கீலும் அந்த ஒரு ஓட்டையிலேயே எல்லாவற்றையும் கிழித்துவிடுவான். அதனால் டிஎஸ்3231 என்ற கடிகாரத் துண்டை, பட்டன் பேட்டரியோடு மாட்டியிருக்கிறேன். கரையில் உள்ள ஏஐஎஸ் நிலையம் ஏதாவது காதில் விழுந்தால் அது முழுத் தேதியும் மணியும் அனுப்பும். அதோடு ஒப்பிட்டும் பார்த்துக்கொள்கிறேன். இது போதுமா? உன் டவர் வேலையில் நேரத்தை எப்படிப் பிடிக்கிறீர்கள்? ஜிபிஎஸ் வைத்தா? விவரமாக எழுது, இதைக் குரல்பதிவாக அனுப்பாதே.

ஆனால் என் வரைபடத்தில் ததேயு இல்லை மக்கா. கப்பல்கள் வரிசையாகத் தெரிகின்றன, நம் பெரிய போட்டுகள் சில தெரிகின்றன, யாரோ வலையில் கட்டிவிட்ட மிதவைகூடக் கப்பல் மாதிரி நகர்கிறது. வள்ளங்கள் இருக்கும் இடம் மட்டும் வெறும் நீலம். கப்பலை ஓட்டும் அறையில் நிற்பவனும் இதையேதான் பார்க்கிறான். இஸ்ரோ செய்த டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் நடக்கிறது, 364 கோடி ரூபாய். புயல் எச்சரிக்கைக்கு அது அருமை; ஒக்கி சமயத்தில் இருந்திருந்தால் எத்தனை வீடு பிழைத்திருக்கும். ஆனால் அது செயற்கைக்கோளோடு பேசுகிறது, எதிரே வரும் கப்பலின் திரையோடு பேசுவதில்லை. வள்ளத்துக்கு வேண்டியது சின்னப் படகுகளுக்கான 2 வாட் கிளாஸ் பி ஏஐஎஸ் கருவி. எண் வாங்க வேண்டும், விலை வேறு ஒரு நல்ல வலையின் விலைக்கு வருகிறது. சங்கத்தில் சேர்ந்து வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன். “நான் எங்கே மீன் பிடிக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே” என்று ததேயுவே முதல் ஆளாக மறுக்கிறான். வலை போனவன் சொல்கிறான் இதை! கணவாய் கிடைக்கும் இடத்தைச் சொந்த மாமனுக்கே சொல்லாதவன் வேறு என்ன சொல்வான். அவனிடம் நீ பேசு. நான் சொன்னால் கேபிள்காரன் பேச்சு, நீ சொன்னால் மஸ்கட் என்ஜினியர் பேச்சு.

மற்ற செய்திகள்: ஜெனிக்கு மார்த்தாண்டத்தில் வேலை கிடைத்துவிட்டது. கொச்சுமேரி மாமிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது தெருவில் போகிறவர் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பிழுக்கிறாள். ஜூன், ஜூலை தடைக்காலம் முடிந்தவுடன் கடலுக்குப் போன போட்டுகள் இன்னும் திரும்பவில்லை.

கிறிஸ்மஸுக்கு வரும்போது 162 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்பாஸ் பில்டர் ஒன்று, எஸ்எம்ஏ முனையோடு வாங்கி வா. பக்கத்து எஃப்எம் டவர் என் டாங்கிளின் காதை அடைக்கிறது. ஆம்ப்ளிஃபையர் சேர்ந்ததாக இருந்தால் பில்டர் முதலில், ஆம்ப்ளிஃபையர் பிறகு, பார்த்து வாங்கு. ரசீதோடு கைப்பையிலேயே வை. பேரீச்சம்பழம் வேண்டாம், போன வருடத்து டப்பாவே இன்னும் திறக்கவில்லை. ஏணி பிடிக்கும் வேலை உனக்கு. கூண்டில் ஏறுவது நான்தான், உன் தொப்பையைப் போட்டோவில் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
செல்வின்