ஜனவரி கூட்டு ஜெபத்துக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கிய வாரம். கத்தோலிக்கர் இதையே ஒன்றிப்பு வாரம் என்பார்கள். வித்தியாசம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த எட்டு நாளில் ஒரு மாலை ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பங்குத்தந்தை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஐயர், லுத்தரன் போதகர், பெந்தெகொஸ்தே பாஸ்டர் எல்லாரும் மேடையேறி, பொன்னாடை வாங்கி, ஆளுக்குப் பத்து நிமிடம் பேசிக் கலைவது பல ஊர்களில் வழக்கம். பேச்சில் குறை இருக்காது. குறை வருவது எல்லாருக்கும் மனப்பாடமான ஜெபத்தில்தான்.

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று பாதிப் பேர் தொடங்க, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று மீதிப் பேர் தொடங்குவார்கள். பழைய கத்தோலிக்கப் பாட்டிமார் "அர்ச்சிக்கப்படுவதாக" என்று மூன்றாவது குரலாகச் சேர்வார்கள். முடிவு இன்னும் சங்கடம். சி.எஸ்.ஐ.யார் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடரும்போது, கத்தோலிக்கர் ஆமென் சொல்லி நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் அந்த வரியை ஒதுக்கியவர்கள் அல்லர். திருப்பலியில் குருவின் சிறு மன்றாட்டுக்குப் பிறகு அதே பொருளில் "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்" என்று சொல்கிறவர்கள்தான். எந்த வடிவம், எது வரை என்று முடிவுசெய்து, முழு வாசகத்தையும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். அல்லது அவரவர் பழகிய வடிவத்தில் தாழ்ந்த குரலில் சொல்லும்படி நடத்துகிறவர் முன்னதாக அறிவிக்கலாம். "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று விட்டால் ஒலிபெருக்கி யார் கையிலோ அவர் வடிவம் ஜெயிக்கும்.

வேதவாசிப்பிலும் இதே சிக்கல். ஒருவருக்கு ஆதியாகமம், இன்னொருவருக்குத் தொடக்க நூல். ஒருவர் சங்கீதம் என்பதை மற்றவர் திருப்பாடல் என்பார். இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தும், அது கத்தோலிக்கக் கோவில்களோடு நின்றுவிட்டது. மற்றவர்கள் பழைய பதிப்பையே வாசிக்கிறார்கள். கூட்டு ஜெபத்தில் ஒரு வாசகத்தையாவது அதிலிருந்து எடுக்கலாம். சபையாக எழுந்து சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் "பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை" என்றும் "புனித கத்தோலிக்க திருச்சபை" என்றும் வரும். "பொதுவாயிருக்கிற", "கத்தோலிக்க" இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவங்கள். தெரியாதவர்களுக்கு அந்த இடத்தில் முகம் மாறும். பிரமாணம் சொல்லிப் பழகாத பெந்தெகொஸ்தே சபைகள் வந்திருந்தால் அதை விட்டுவிட்டு ஒரு சங்கீதத்தை மாறிமாறி வாசிப்பது நல்லது. நற்கருணை அல்லது திருவிருந்தை அன்றைக்கு வைக்கவே வேண்டாம். ஒரே பந்தியில் அமர இன்னும் எல்லாச் சபைகளின் சட்டமும் இடம் தரவில்லை.

எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் ஐக்கியம் என்று காத்திருக்கத் தேவையில்லை. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே சபையில் ஊழியம் செய்ய 30 ஆண்டு இடம் விட்டார்கள். பழக்கமில்லாத ஆராதனை முறையை எந்தச் சபையின் மீதும் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள். (தரங்கம்பாடி மிஷனின் வாரிசான லுத்தரன் சபை அதில் சேரவில்லை என்பது வேறு கதை.)

மேடையைவிடக் கல்யாண வீட்டில்தான் இந்த அன்பு அதிகம் சோதிக்கப்படுகிறது. ஆர்.சி. பெண்ணுக்கும் சி.எஸ்.ஐ. பையனுக்கும் திருமணம் என்றால், மறுபடி ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள் என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தாலும் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கச் சபை ஏற்கிறது. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் சில சபைகளின் விஷயம் வேறு. வேண்டியது ஆயரின் அனுமதி. விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்ற வாக்குறுதியைக் கத்தோலிக்கர் மட்டும் கொடுத்தால் போதும். மற்றவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். அவர் கையெழுத்திடும் கட்டாயம் 1970இலேயே போய்விட்டது. சி.எஸ்.ஐ. கோவிலில் திருமணம் என்றால் கத்தோலிக்க முறைப்படி நடத்தும் கட்டாயத்திலிருந்து கத்தோலிக்க ஆயரிடம் விலக்கும் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாட்டுச் சட்டப்படி செல்லும் திருமணம்கூட ஆர்.சி. பதிவேட்டில் ஏறாது. பத்திரிகை அடித்த பிறகு இதைக் கேட்டு ஓடுவதால்தான் பாதிச் சண்டை. காலையில் ஒரு கோவில், மாலையில் ஒரு கோவில் என்று இரண்டு முறை சம்மதம் வாங்குவதும் கூடாது. ஒருவர் சம்மதம் கேட்க, மற்றவர் வாசகமும் ஆசீரும் தரலாம்.

2013ஆம் ஆண்டின் ஐக்கிய வாரத்துக்கான உலகப் பொது ஜெப முறையைத் தயாரித்தது இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம். பலியைவிட நியாயம் செய்வதையே கடவுள் கேட்கிறார் என்று சொல்லும் வேதப் பகுதியான மீகா 6:6–8ஐ எடுத்து, தலித் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை அதன் மையத்தில் வைத்தார்கள். இன்று அதை எடுத்து வாசித்தாலும் சரிதான். சபை வேறுபாட்டைத் தாண்டி மேடையேறுகிறவர்கள், சொந்தச் சபைக்குள் சாதிப்படி பிரித்த கல்லறைத் தோட்டங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கல்லறை என்றதும் இன்னொன்று. சொந்த இடமில்லாத சபைக்குப் போனவர் இறந்தால், அவருடைய பழைய சபையில் சந்தா பாக்கி, வேறு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார் என்று காரணம் சொல்லிக் குழி வெட்ட விடாத நிலை வருகிறது. சாவு வீட்டில் நின்று இதைப் பேசித் தீர்க்க முடியாது. ஜனவரிக் கூட்டம் முடிந்த கையோடு போதகர்கள் உட்கார்ந்து, இடம் யார் தருவது, குழிக்கூலி எவ்வளவு, வீட்டு ஜெபம் யார், குழியருகே ஜெபம் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு கோவில் அலுவலகத்திலும் ஒரு பிரதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.